மெயின் பெட்டியும் ஒரு சூரப்புலியும்

அண்ணியின் தொழில் அடுத்தவர் வீட்டில் குறை கண்டுபிடிப்பது. அதற்குக் கூலியும் கொடுக்கிறார்கள் என்பதை அவளுடைய மாமியாரால் நம்பவே முடியவில்லை. "நான் இத்தன வருஷமா சும்மாதானே பண்ணிட்டிருக்கேன்" என்று ஆதங்கப்பட்டாள்.

வீடு வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் கூரையில் ஏறுவாள். சாக்கடை மூடியைத் தூக்கி முகர்ந்து பார்ப்பாள். சுவரைத் தட்டிவிட்டு, அது என்ன பதில் சொல்கிறது என்று காதை வைத்துக் கேட்பாள். எல்லாம் முடிந்ததும் வாசலில் நின்று, விற்கிறவர் காதிலும் விழும்படி தீர்ப்புச் சொல்வாள். "சமையலறை நல்லா இருக்கு. பாத்ரூம் சுவத்துக்குள்ள தண்ணி குடித்தனம் இருக்கு. அதுக்கு வாடகை கேட்டு வாங்கிக்கோங்க." அடக்கத்துக்கும் அவளுக்கும் என்றைக்குமே பேச்சுவார்த்தை இருந்ததில்லை.

இப்படி எதற்கும் மசியாதவள், வீட்டுக்குக் கரண்ட் வந்து பிரிகிற மெயின் பெட்டி முன்னால் மட்டும் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தவள் மாதிரி ஆகிவிடுவாள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றும்போது கைவளையல் உள்ளே எதிலோ பட்டது. அவ்வளவுதான். எதிர்ச் சுவரில் போய் மோதி உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வரை அந்தக் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. டீ கிளாஸைத் தூக்கினால் டீ தோளில் ஊற்றியது.

அதற்குப் பிறகு அவள் ஒரு வழிமுறை வைத்துக்கொண்டாள். முதலில் மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் போடுவாள். காலில் தடித்த ரப்பர் அடி வைத்த ஷூ. தரை ஈரமாக இருந்தால் கிட்டே போகவே மாட்டாள், துடைக்கச் சொல்வாள். பிறகு அவளுடைய பேனா டெஸ்டர். கம்பியைத் தொடவே வேண்டாம், கரண்ட் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே சிவப்பாக எரிந்து கீச்சென்று கத்தும். அதை முதலில் வேலை செய்கிற ஏதாவது ஒரு பிளக்கில் வைத்துக் கத்த விடுவாள். கத்தினால்தான் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பெட்டியின் மூடியில் வைப்பாள். அது சத்தம் போடவில்லை என்றாலும் நம்பாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது புறங்கையால் மூடியை ஒரு தட்டுத் தட்டுவாள். உள்ளங்கையால் தொட்டால், கரண்ட் இருந்தால் விரல்கள் மூடிக்கொண்டு பிடித்ததை விடாது. புறங்கை என்றால் உதறிக்கொண்டு வந்துவிடும்.

இந்தச் சடங்கு முழுவதையும் அவளுடைய கொழுந்தன் மனப்பாடமாக நடித்துக் காட்டுவான். குடும்பத்தில் நாலு பேர் சேர்ந்துவிட்டால் போதும், "அண்ணி ஃப்ரிட்ஜ் தொறக்கிறாங்க பாருங்க" என்று எழுந்துவிடுவான். மோதிரத்தைக் கழற்றுவான், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டுவான், பென்சிலை ஃப்ரிட்ஜுக்கு நேரே நீட்டி வாயால் கீச்சென்பான். எல்லோரும் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். அவளுடைய சொந்தப் புருஷன் கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரிப்பான். வீட்டுக்குப் போனதும் அதற்கு அவன் தனியாக அனுபவிப்பான்.

கொழுந்தன் சோபா கடையில் விற்பனையாளன். ஆனால் மனதுக்குள் அவன் ஒரு எஞ்சினியர். இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, காலிங் பெல் எதையும் வெளியே ரிப்பேருக்குக் கொடுக்க மாட்டான். அவன் கை வைத்த காலிங் பெல் இன்றைக்கும் மழை பெய்தால் தானாக அடிக்கிறது. அண்ணி அவனுக்கு வைத்த பெயர் சூரப்புலி. அவன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தான்.

சூரப்புலி வீடு வாங்கக் கிளம்பினான். உண்மையில் கிளம்பியது அவன் பெண்டாட்டி. அவள் அதிகம் பேசாதவள். அவனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குப் பேச இடைவெளி கிடைக்காது என்பதுதான் காரணம். நல்ல வெளிச்சமும் பின்பக்கம் கொஞ்சம் மண் தரையும் உள்ள ஒரு சின்ன வீட்டை அவளே தேடிப் பிடித்திருந்தாள். "அக்கா வந்து பாத்தாத்தான் மேற்கொண்டு பேச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் அங்கே போனார்கள்.

விற்கிற அம்மாள் தனியாக இருந்தாள். புருஷன் தவறிப் போய்விட்டார், மகளோடு போய் இருக்கப் போகிறாள். வீட்டைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தாள். வாசலிலேயே எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னாள். அண்ணி மட்டும், "இது என் வேலைக்குப் போடறதும்மா, வேணும்னா அடிய தொடச்சுக்கறேன்" என்று ஷூவோடு உள்ளே போனாள். அந்த அம்மாளும் தடிமனான ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தாள்.

"எல்லாமே அவரு கையால பண்ணினது" என்றாள் அந்த அம்மாள் பெருமையாக. "ஒரு ஆள உள்ள விடமாட்டாரு."

பார்த்தாலே தெரிந்தது. குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்து வாஷ்பேசினில் இடித்தது. சூடு என்று எழுதிய குழாயில் பச்சைத் தண்ணீரும், குளிர் என்று எழுதியதில் கொதிக்கிற தண்ணீரும் வந்தது. ஹாலில் ஒரு சுவிட்சைப் போட்டால் பின்கட்டில் விளக்கு எரிந்தது.

"இது எதுக்கும்மா இந்த சுவிட்சு?" என்று இன்னொன்றைக் காட்டிக் கேட்டாள் அண்ணி.

"அது எதுக்குன்னு அவருக்குத்தான் தெரியும். போகும்போது சொல்லிட்டுப் போகல."

கொழுந்தனுக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப் போயிற்று. "பாத்தீங்களா அண்ணி? மனுஷன் யாரையும் கூப்பிடல. தானே பண்ணிருக்காரு. கலைஞன்."

"ஆமா. இந்த வீட்ட வாங்கறதுக்கு நீதான் பொருத்தமான ஆளு" என்றாள் அண்ணி.

மெயின் பெட்டி துணி துவைக்கிற அறையில் இருந்தது. வாஷிங் மெஷின் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் குழாயில் ஒரு கசிவு, தரையெல்லாம் ஈரம். மூலையில் அழுக்குத் துணி நிறைந்த பெரிய பிளாஸ்டிக் கூடை. சுவரில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி, ஓரங்களில் துரு வழிந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ஆணியில் நீளமான மரக்கரண்டி தொங்கியது. சமையலறையில் இடமில்லை போல என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். அது அவள் செய்த முதல் தப்பு.

அவள் மாப்பை எடுத்துத் தரையைத் துடைத்தாள். மோதிரத்தைக் கழற்றினாள். கொழுந்தன் வாசற்படியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்துவிட்டான்.

"ஆரம்பிச்சாச்சுப்பா. அடுத்து வளையல். அடுத்து கை பின்னால. ஏன் அண்ணி, ஹெல்மெட் கொண்டு வரலையா?"

"வாய மூடிட்டு நில்லு."

"ஒரு மூடிய கழட்டறதுக்கு இவ்வளவா? எங்க கடையில நான் பேசிக்கிட்டே கழட்டுவேன்."

"உங்க கடையில சோபாதானே இருக்கு? சோபாவுக்கு ஏதுடா கரண்ட்டு?"

"சாயற சோபாவுக்கு இருக்கு அண்ணி. பட்டன அழுத்தினா படுக்கும்."

"நீயும் அதுவும் ஒண்ணு. யாராவது அழுத்தினாத்தான் படுப்பீங்க."

அவன் பெண்டாட்டி சிரித்துவிட்டாள். அவனுக்கு அது சுருக்கென்று பட்டது. குரல் மாறியது. "இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். நிஜமாவே இதெல்லாம் தேவையா? இல்ல, பில்லு போடறதுக்காகப் பண்ற ஷோவா?"

தன் பயத்தை யார் கிண்டல் செய்தாலும் அண்ணி பொறுத்துக்கொள்வாள். தன் தொழிலைத் திருட்டு என்று சொன்னால் அவளுக்கு உச்சந்தலையில் ஏறும். ஏறியது. பதிலுக்கு இவனுடைய பரம்பரையையே இழுக்கலாம் என்று பார்த்தால் அது அவள் புருஷனின் பரம்பரையும் ஆயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு, பையிலிருந்து பேனா டெஸ்டரை எடுத்து நேராகப் பெட்டி மூடியில் வைத்தாள். பிளக்கில் வைத்து முதலில் கத்தவிட மறந்துபோனாள்.

பேனா கம்மென்று இருந்தது.

"பாத்தீங்களா? ஒண்ணுமில்ல" என்றான் கொழுந்தன்.

அண்ணி ஒதுங்கி நின்றாள். ஒரு கையைப் பின்னால் கட்டினாள். மறு கையைத் திருப்பி, மூடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கொண்டுபோனாள்.

"ஐயய்யோ, கரண்டிய எடுத்துக்கலையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வீட்டுக்கார அம்மாள், டீ தட்டோடு நின்றாள்.

அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. "என்ன கரண்டி?"

"அதோ தொங்குதே, பெட்டிய தொடறதுக்கு. கரண்ட்டு போயி பல்பு எல்லாம் அணஞ்சிடுச்சுன்னா, அதாலதான் பெட்டி சுவிட்சுக் குமிழ மேல தள்ளுவேன். வெறுங்கையில தொட்டா சுருக்குனு இழுக்கும்ல?" அண்ணியின் முகத்தைப் பார்த்து அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்தது. "எல்லா வீட்லயும் அப்படித்தானே?"

அண்ணி பின்னாலேயே நடந்து, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் அறைக்கு வெளியே வந்தாள். "யாரும் அத தொடக்கூடாது" என்றாள். "யாரும்னா யாரும்."

ஹாலுக்குப் போய், டிவி செருகியிருந்த பிளக்கில் பேனாவை வைத்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. பேனா வாயே திறக்கவில்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. செத்துப்போன ஒரு பேனாவைக் கேட்டுவிட்டு அந்தப் பெட்டியைத் தொடப் போனாள். பைக்குள் கையை விட்டுத் துழாவிப் புது பேட்டரியைப் போட்டு மறுபடி வைத்தாள். பேனா சிவந்து, கீச்சென்று கத்தியது.

அதே நேரத்தில் உள்ளேயிருந்தும் ஒரு கீச்சு கேட்டது.

நடந்தது இதுதான். சூரப்புலிக்குப் பெண்டாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. "சுருக்குனு இழுக்குமாம்ல? எவ்வளவுதான் இழுக்குதுன்னு பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே, அதற்குள் குழாய் மறுபடி கசிந்திருந்த ஈரத்தில் வெறுங்காலோடு மிதித்து, பெட்டியின் ஓரத்தை நான்கு விரலாலும் பிடித்துவிட்டான். பிடித்த கை மூடிக்கொண்டது. அவன் விட நினைத்தான். கை விட நினைக்கவில்லை. வாயிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தம் இல்லை, விசில் அடிக்கிற குக்கரை யாரோ மிதித்த மாதிரி இருந்தது.

அண்ணி ஓடி வரும்போது அவன் பெண்டாட்டி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவன்மேல் பாயப் போனாள். அண்ணி அவளை இடுப்போடு பிடித்து இழுத்தாள். "தொடாத! நீயும் ஒட்டிக்குவ!"

"அக்கா, விடுங்க, அவரு..."

அண்ணியின் தலைக்குள் ஒரே குழப்பம். மெயின் சுவிட்ச் எங்கே? மீட்டர் வாசலில் பார்த்தோமே. அதுவரை ஓட வேண்டுமா? காய்ந்த கட்டை ஏதாவது? அவள் நாலு பக்கமும் பார்ப்பதற்குள் வீட்டுக்கார அம்மாள் டீ தட்டை மெஷின்மேல் வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஆணியிலிருந்து மரக்கரண்டியை எடுத்து, ரப்பர் செருப்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கொழுந்தனின் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

கை விடவில்லை. இன்னொரு போடு. கை கழன்றது. சூரப்புலி பின்னால் சாய்ந்து, அழுக்குத் துணிக் கூடைக்குள் போய் உட்கார்ந்தான். கால் இரண்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, தலையில் ஒரு தலையணை உறை விழுந்தது.

வாஷிங் மெஷின் மட்டும் எதுவும் நடக்காததுபோலத் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"உயிர் இருக்கா?" என்றாள் அண்ணி.

உறைக்குள்ளிருந்து, "இருக்கு" என்றது ஒரு சின்னக் குரல்.

அண்ணி எல்லோரையும் வெளியே விரட்டினாள். கொழுந்தனைக் கூடையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள், ஏனென்றால் அவனுக்கு எழுந்து நிற்க வரவில்லை. அவள் வாசலுக்கு ஓடி மீட்டருக்குப் பக்கத்திலிருந்த மெயினை இறக்கினாள். வீடு அடங்கியது. திரும்பி வந்து, இப்போது உயிரோடு இருக்கிற பேனாவைப் பெட்டியைச் சுற்றி ஒரு முறை காட்டினாள். சத்தமில்லை. அப்படியும் புறங்கையால் தட்டிவிட்டுத்தான் மூடியைக் கழற்றினாள்.

மூன்று திருகுகள் முனை மழுங்கியவை, பெட்டிக்கென்றே செய்தவை. நான்காவது நீளமாக, கூர்மையாக, மரத்தில் இறங்குகிற திருகு. அது மூடியைத் தாண்டி உள்ளே போய் ஒரு சிவப்பு வயரின் தோலைக் குத்திக்கொண்டு நின்றது. அதனால்தான் பெட்டி முழுக்கக் கரண்ட். அந்தக் கரண்டைப் பூமிக்குக் கொண்டுபோக வேண்டிய ஏர்த் கம்பி எதிலும் சேராமல், பெட்டிக்குள் சுருண்டு படுத்திருந்தது.

"அம்மா, இந்தத் திருகு யாரு போட்டது?"

வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அட, அவருதான். பழசு ஒண்ணு தொலஞ்சிடுச்சு. கட்டில் செஞ்சதுல மீந்தத எடுத்துப் போட்டாரு. எதையும் வீணாக்க மாட்டாரு."

அண்ணி கொஞ்சம் தயங்கினாள். இருந்தாலும் கேட்டுவிட்டாள். "அவரு எப்படிம்மா தவறினாரு?"

"தூக்கத்துலதான்."

"அவரு செஞ்ச கட்டில்லயா?"

அந்த அம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். அண்ணிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த நொடி அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்லம்மா. ஆஸ்பத்திரிக் கட்டில்ல. அவரு செஞ்சதுல நாங்க யாரும் படுத்ததே இல்ல. ஏறினா சாயும்." கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பு அடங்கிய பிறகு, "இத்தன நாளா இதுலயா நான் வெளையாடிட்டிருந்தேன்?" என்று கேட்டாள். அண்ணி மெஷின்மேலிருந்த ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

ஹாலில் கொழுந்தன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல்களின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு வெள்ளைத் தீக்காயம். அவனுக்குப் பேச்சு வரவில்லை. அதுதான் அண்ணியைப் பயமுறுத்தியது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். நெஞ்சப் பாக்கணும்" என்றாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. நல்லாத்தான் இருக்கேன்."

"இப்ப நல்லா இருக்கும். கரண்ட் உள்ள போனா இதயம் அப்புறமாகூட முரண்டு பண்ணும். கெளம்பு."

"வேண்டாம், ஒரு காபி குடிச்சா..."

"கார்ல ஏறுடா" என்றாள் அவன் பெண்டாட்டி.

அவள் வாயிலிருந்து ஒரு 'டா'வை அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அவன் எழுந்து போய்க் காரில் ஏறினான்.

ஆஸ்பத்திரியில் அவனைச் சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்தார்கள். நர்ஸ் ஒரு கை நிறைய வயர்களை அள்ளிக்கொண்டு வந்தாள். அவன் கட்டிலின் அந்த ஓரத்துக்கு நகர்ந்தான்.

"சிஸ்டர், இதுல கரண்ட் வருமா?"

"உங்ககிட்டயிருந்துதான் எங்களுக்கு வரணும். வருதான்னு பாக்கத்தான் இது" என்றாள் நர்ஸ், அவன் மார்பில் பசையைத் தடவிக்கொண்டே. "அசையாம படுங்க."

அண்ணி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் கோடு கோடாக எழுதித் தள்ளியது. அவளுக்கு அந்த விரற்கடை தூரம் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. நர்ஸ் வெளியே போனதும் சொல்லிவிட்டாள்.

"பேனாவுல பேட்டரி இல்ல. நான் மொதல்ல பிளக்குல வச்சுப் பாக்கல. நீ கடுப்பேத்தினதுல விட்டுட்டேன். அந்தம்மா குரல் கொடுக்கலன்னா மொதல்ல நான்தான் அதுல கைய வச்சிருப்பேன்."

கொழுந்தன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல மெல்ல அவன் முகத்தில் ரத்தம் ஏறியது. அன்று காலைக்குப் பிறகு முதன்முறையாக அவன் பழைய ஆள் மாதிரி ஆனான்.

"அண்ணி... நீங்களா? செத்த பேனாவ வச்சா?"

"ஆமா."

"இத நான் எல்லார்கிட்டயும் சொல்வேன்."

"சொல்லு. நான் தலையணை உறையச் சொல்றேன்."

அவன் யோசித்தான். மெஷின் கீச்சென்றது. அவன் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தான், ஒட்டியிருந்த வயர் இரண்டு பிய்ந்துகொண்டு வந்தன. நர்ஸ் ஓடி வந்து திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிப்போனதை அவன் பார்த்தான். கிண்டல் செய்யவில்லை. காயமில்லாத கையால் அவள் முழங்கையை இரண்டு தட்டுத் தட்டினான்.

"நான் வாய மூடிட்டு நின்னிருக்கணும் அண்ணி" என்றான்.

"அது உன்னால முடியாதுடா. நான் காத மூடிட்டு வேலையப் பாத்திருக்கணும்."

டாக்டர் தாளைப் பார்த்து, இதயம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, இன்று முழுக்க இங்கேயே இருக்கட்டும், கைக்காயத்துக்கு மருந்து போடச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை வராந்தாவில் போனும் கையுமாக நின்றிருந்த அவன் பெண்டாட்டி உள்ளே வந்தாள்.

"வீடு நமக்குத்தான். பேசி முடிச்சுட்டேன்" என்றாள்.

"எந்த வீடு?" கொழுந்தனுக்குக் குரல் உடைந்தது. "அந்த வீடா? என்னக் கொல்லப் பாத்த வீட்டயா?"

"வீடு உங்களக் கொல்லப் பாக்கல. நீங்கதான் போய்க் கைய வச்சீங்க. பெட்டி, வயர், ஏர்த் எல்லாத்தையும் லைசென்ஸ் வச்ச ஆளக் கூப்பிட்டு அந்தம்மாவே மாத்தித் தர்றாங்களாம். அக்கா பாத்து சரின்னு சொன்னாத்தான் கையெழுத்து."

"என்ன ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?"

"கேட்டேனே, காலையில. பெட்டிய தொடாதீங்கன்னு அக்கா சொன்னப்ப உங்களத்தான் பாத்தேன். அப்ப நீங்க கேட்டீங்களா?" அவள் அவன் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, பிய்ந்துபோன ஒரு வயரை அவன் மார்பிலிருந்து எடுத்துப் போட்டாள். "வெளிச்சம் நல்லா இருக்கு அந்த வீட்ல. பின்னாடி மண்ணு இருக்கு. நான் மொளகாச் செடி வைக்கப் போறேன்."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான், ஏதாவது சொல்லுங்களேன் என்பதுபோல.

"பாத்ரூம் கதவ வெளிப்பக்கம் தொறக்கற மாதிரி மாத்தச் சொல்லு" என்றாள் அண்ணி, மூக்கைச் சிந்திக்கொண்டே. "மத்தபடி நல்ல வீடு."